அந்த ஒரு சென்ட் நிலம்



கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற பழக்கம் எனக்கு உண்டு என்று என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். நேரம் கிடைக்கும்போது படியுங்கள். சொந்தக்காரர்கள் மட்டும் கண்டிப்பாகக் கடைசிவரை படிக்க வேண்டும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உடன்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். பதினோரு வருடத்துக்குப் பிறகு போகிறேன். விலைபேசி முடியப்போகிறது, உங்கள் கையெழுத்தும் வேண்டும் என்று தம்பிமார் போன் செய்தார்கள். கையெழுத்துப் போடும் முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. துணைக்கு என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். இப்போது பத்திர எழுத்தர். அவன் கையெழுத்தைத் திருத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சாவியைக் கொண்டுபோனேன். தேவைப்படவில்லை. கதவையும் நிலையையும் யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தார்சாவில் ஓடு சரிந்து கிடந்தது. பட்டாசல் நடுவில் ஆள் உயரத்துக்கு உடைமரம். அடுக்களைச் சுவரில் ஆச்சி கரிக்கட்டையால் போட்ட பால் கணக்குக் கோடுகள் மட்டும் அப்படியே இருந்தன. ஐந்தைந்தாகப் போட்டு குறுக்கே ஒரு கோடு. பள்ளிக்கூடம் போகாத ஆச்சி.

எனக்கு அழுகை வரவில்லை. வீடு என்றால் ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாத வீடு விழத்தான் செய்யும். தாத்தா கொழும்பில் கடை வைத்துச் சம்பாதித்துக் கட்டிய வீடு அது. அடுத்த தலைமுறை மும்பைக்கும் சென்னைக்கும் போனது. அதற்கடுத்தது துபாய். நம் கடற்கரையில் பாதி வீடுகளின் கதை இதுதான். மணப்பாட்டுக்குப் போய்ப் பாருங்கள், எத்தனை பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்று.

பிறகு வீட்டுக்குப் பின்னால், விளையின் தென்கோடிக்குப் போனோம். வேப்பமரத்தடியில் எங்கள் குடும்பச் சமாதிகள். முள்ளை வெட்டிக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது. ஏழு மேடுகள். இரண்டில் சிமெண்டில் பெயர் எழுதியிருக்கிறது. இரண்டுமே ஆண்கள். மற்ற மூன்று பெரியவை, சுண்ணாம்புக் காரை பெயர்ந்து, தலைமாட்டில் விளக்கு மாடத்தோடு நிற்கின்றன. இரண்டு சின்ன மேடுகள். பிள்ளைகளுடையவை.

மாணவன் கேட்டான்: “டீச்சர், இதெல்லாம் யார் யாரு?”

முப்பத்துநான்கு வருடம் பாடம் சொன்னவள் நான். ஏழில் நான்குக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது. சின்ன வயதில் ஆடி அமாவாசைக்கு ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டு போய் இதே மாடங்களில் விளக்கு வைத்திருக்கிறேன். யாருக்கு வைக்கிறோம் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று ராத்திரி எல்லோருக்கும் போன் போட்டேன். வடபக்கத்துச் சமாதி என் பூட்டியுடையது என்று தெரிந்தது. பெயர் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. மும்பை மைனி, “எங்களுக்கு வடக்குவீட்டு ஆச்சின்னுதான் தெரியும்” என்றார்கள். சித்தப்பாவுக்கு 88 வயது. அவரும் அதையேதான் சொன்னார். எட்டுப் பிள்ளை பெற்ற மனுஷி. அவள் வயிற்று வாரிசுகள் இன்று அறுபது பேருக்கு மேல் இருக்கிறோம். ஒருத்தருக்கும் பெயர் தெரியாது.

சின்ன மேடுகளில் ஒன்றைப் பற்றிச் சித்தப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அது என் தங்கச்சிலா” என்றார். அவருக்கு ஒன்பது வயதில் அம்மை போட்டு இறந்த பிள்ளை. பெயரைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆனது. நான் கேட்காமல் விட்டிருந்தால் அந்தப் பெயர் அவரோடு போயிருக்கும். இன்னொரு சின்ன மேடு யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை.

இதை எழுதும்போது நம் பக்கத்து இடங்கள் சில நினைவுக்கு வருகின்றன. உங்களில் பலரை நானே சுற்றுலா கூட்டிப்போயிருக்கிறேன்.

ஆதிச்சநல்லூர் முதலில். 1876-இல் ஜெர்மனிக்காரர் ஜாகோர் தோண்டி, எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அதன்பின் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழிகள், இரும்பு, வெண்கலம், நெற்றியில் கட்டும் பொன் பட்டம் எல்லாம் கிடைத்தன. அந்த மக்கள் எப்படிப் புதைத்தார்கள், எதைக் கூட வைத்தார்கள் என்று நமக்குத் தெரியும். ஆனால் நெற்றியில் பொன்னைக் கட்டிப் புதைத்த அந்த ஆள் யார் என்பது தெரியாது.

அடுத்து பாஞ்சாலங்குறிச்சி. 1799-இலும் 1801-இலும் போர் நடந்த கோட்டை. வெள்ளைக்காரர்கள் அதைத் தரைமட்டமாக்கினார்கள். ஊரின் பெயரே கணக்கில் இருக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். இப்போது நாம் பார்க்கும் கோட்டை 1974-இல் அரசு கட்டிய நினைவுச் சின்னம். ஆனால் அங்கே சண்டையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகள் இன்றும் நிற்கின்றன. கோட்டைக்குள் செத்த நம் ஆட்களுக்கு அப்படி ஒரு கல் இல்லை. கட்டபொம்மனும் ஊமைத்துரையும் கதைப்பாட்டில் பிழைத்தார்கள். பாட்டில் வராதவர்கள் போய்விட்டார்கள்.

மூன்றாவது நம் தூத்துக்குடி ஊருக்குள்ளேயே இருக்கிறது, கிரகோப் தெரு. டச்சுக்காரர்கள் 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து இந்தத் துறைமுகத்தைப் பிடித்தார்கள். 1825-இல் ஆங்கிலேயரிடம் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பாஷையில் கல்லறைத் தோட்டத்துக்கு ‘கெர்க்ஹோஃப்’ என்று பெயர். அதுதான் நம் வாயில் கிரகோப் ஆனது. கொழும்பில் இருந்து வந்த எங்கள் அப்பாவுக்கு இது உடனே புரிந்துவிட்டது. அங்கே சிங்களத்தில் இடுகாட்டை இன்றும் ‘கெரெகொப்புவ’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் ரேஷன் கார்டில் அந்த முகவரியை எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு அதன் பொருள் தெரியும்? டச்சுக் கம்பெனியின் முத்திரை வி, ஓ, சி என்ற மூன்று எழுத்து. ஒருமுறை வகுப்புக்கு ஒரு பையன் அந்த முத்திரை போட்ட பழைய செப்புக்காசு ஒன்றைக் கொண்டுவந்து, “டீச்சர், வ.உ.சி. அடிச்ச காசு!” என்றான். வகுப்பே கைதட்டியது. சிரிக்கலாம்தான். சொல்லித்தர ஆள் இல்லையென்றால் எழுத்தும் வேறொன்றாக மாறிவிடும்.

கடைசியாக இடையன்குடி. கால்டுவெல் 1841-இல் அங்கே வந்தார். 1891-இல் கொடைக்கானலில் இறந்தவரை இடையன்குடிக்கே கொண்டுவந்து தேவாலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். அவர் வாழ்ந்த வீட்டை நம் அரசு நினைவு இல்லமாக்கி வைத்திருக்கிறது. அயர்லாந்தில் பிறந்த ஒரு மனிதரின் வீட்டுக்கும் கல்லறைக்கும் நம் ஊர் மண் வாரிசாக நிற்கிறது. ரத்த சொந்தம் இருந்ததால் அல்ல, அவர் எழுதிய ஒப்பிலக்கணத்தை நாம் இன்னும் படிப்பதால்.

எனக்கு இதில் புரிந்தது ஒன்றுதான். கல்லறைக்கு வாரிசு ரத்தத்தால் மட்டும் வருவதில்லை. அங்கே கிடப்பது யார் என்று தெரிந்து, அடுத்தவருக்குச் சொல்கிறவர்தான் வாரிசு. அப்படிப் பார்த்தால், போன ஞாயிறு வரைக்கும் என் பூட்டிக்கு நானே வாரிசு இல்லை.

சரி, சொந்தக்காரர்களுக்கு வருகிறேன்.

நீங்கள் சொல்வதும் எனக்குப் புரிகிறது. “செத்தவங்களுக்கு எதுக்குக்கா நிலம்? உயிரோட இருக்கிறவங்களுக்குக் கடன் கழுத்தை நெரிக்கு” என்று ஒரு தம்பி சொன்னான். அவன் மகள் படிப்புக் கடன் எனக்குத் தெரியாததா? சமாதி இருக்கிறது என்றால் வாங்குகிறவர் விலையைக் குறைப்பார் என்பதும் உண்மை. இன்னொருவர், “கட்டிக்கொடுத்த பொம்பளப் பிள்ளைக்கு இதில் என்ன?” என்று கேட்டதாகக் காதில் விழுந்தது. அப்பா பங்கில் எனக்கும் உரிமை உண்டு என்பதால்தான் கையெழுத்துக் கேட்கிறீர்கள். அதற்கு மேல் இதைப் பற்றி நான் பேசவில்லை.

நான் விற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டைக் கொடுத்துவிடலாம். அதைப் பழுதுபார்க்க நம்மில் யாரிடமும் பணம் இல்லை, இருக்கிறவர்களுக்கு மனம் இல்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும். பனையையும் கிணற்றையும்கூடக் கொடுத்துவிடலாம்.

மொத்தம் 82 சென்ட். அதில் அந்த ஒரு சென்டை மட்டும் விலக்கி எழுத வேண்டும் என்கிறேன். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஏழு மேடும் வேப்பமரமும் அதற்குள் அடங்கிவிடும். என் மாணவன் முள்ளுக்குள் நின்றபடியே விவரம் சொன்னான். கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லை போட்டு அந்த இடம் விற்பனையில் சேரவில்லை என்று எழுதலாம். ரோட்டிலிருந்து அங்கே போய்வர நடைபாதை உரிமையையும் அதே பத்திரத்தில் எழுத வேண்டும். பாதை இல்லாமல் இடம் மட்டும் இருந்து பிரயோஜனம் இல்லை. பிறகு சர்வேயரை வைத்து உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிவிடலாம். “வாய்வார்த்தையா விட்டா அடுத்த கிரயத்திலேயே போயிரும் டீச்சர்” என்றான். கடைசி பெஞ்ச் எனக்குப் பாடம் நடத்தியது. சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன்.

பத்திரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறுநாள் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய காகிதங்களைப் பரப்பினோம். அதில் 1938-ஆம் வருடத்துப் பத்திரம் ஒன்று, ஜார்ஜ் மன்னர் தலை போட்ட முத்திரைத்தாளில். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. பூட்டன் செத்த பிறகு பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு துண்டு நிலத்தை விற்றிருக்கிறாள் பூட்டி. ‘இன்னார் மனைவி’ என்பதற்குப் பிறகு அவள் பெயர். பக்கத்தில் இடது பெருவிரல் ரேகை, மங்கலாக. சமாதியில் இல்லாத பெயர், பிள்ளைகள் வாயில் நிற்காத பெயர், நிலத்தை விற்ற காகிதத்தில் இருந்தது. எழுதிய குமாஸ்தா ஒழுங்காக எழுதியதால் கிடைத்தது.

ஆகவே நாமும் ஒழுங்காக எழுதுவோம். நான் கையெழுத்துப் போடுவேன். அந்த ஒரு சென்ட் விலக்கப்பட்ட பத்திரத்தில் போடுவேன். அதனால் விலை குறைந்தால் அந்தக் குறைவை என் பங்கில் கழித்துக்கொள்ளுங்கள். பென்ஷன் வருகிறது, என்னால் முடியும்.

மாணவச் செல்வங்களுக்கு வீட்டுப்பாடம் இல்லாமல் விடுவேனா?

உங்கள் குடும்பத்துக்கும் எங்காவது ஒரு விளை இருக்கும், ஒரு கல் இருக்கும். மயானமோ, கல்லறைத் தோட்டமோ, கபர்ஸ்தானோ, எதுவாக இருந்தாலும் சரி. அடுத்த விடுமுறையில் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கல்லில் எழுத்து மங்கியிருந்தால் காலையிலோ சாயங்காலமோ, வெயில் சாய்வாக விழும்போது போட்டோ எடுங்கள். உச்சிவெயிலில் தெரியாத எழுத்து அப்போது தெரியும். ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள், கம்பியால் சுரண்டாதீர்கள், மிச்ச எழுத்தும் போய்விடும். எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். (நான் இப்படிச் சொல்வது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.) கல்லே இல்லாத மேடு என்றால் வீட்டில் வயதானவரைக் கூட்டிப்போங்கள். நடக்க முடியாதவர் என்றால் போனில் காட்டிக் கேளுங்கள். பொங்கலுக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். என் சித்தப்பாவுக்கு 88.

நம் கடலில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-இல். அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் ராத்திரி சென்னைக்குக் கிளம்பும் ரயிலுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்றுதான் பெயர். ஊருக்காக நாம் இதைச் செய்கிறோம். ஆச்சிக்காகவும் செய்யலாம்.

பூட்டியின் பெயரை இங்கே எழுதவில்லை. அவள் பெயரையும் சித்தப்பாவின் தங்கச்சி பெயரையும் கல்லில் வெட்டக் கொடுத்திருக்கிறேன். பெயர் தெரியாத சின்ன மேட்டுக்கு ஒரு மாடம் மட்டும் கட்டச் சொல்லியிருக்கிறேன். ஆடி அமாவாசைக்கு முன் வேலை முடிந்துவிடும் என்று கொத்தனார் சொல்கிறார். முள்ளை வெட்டிப் பாதை போட்டிருக்கிறது.

தம்பிமார், தங்கச்சிமார், பேரப்பிள்ளைகள் எல்லோரும் வாருங்கள். எண்ணெயும் திரியும் நான் கொண்டுவருகிறேன். வந்து நீங்களே வாய்விட்டுப் படியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்