திருகாணியைத் தெரியும்; தொழிலாளியைத் தெரியாதாம்!



சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூரைத் தாண்டிச் சென்றால் வருவது சுங்குவார்சத்திரம். சத்திரம் என்ற சொல்லுக்குப் பொருள் யாது? வழிப்போக்கனுக்கு ஒரு வேளைச் சோறும், தலை சாய்க்க ஒரு திண்ணையும் தரும் இடம் என்பதே பொருள். இன்று அந்த வட்டாரத்தில் எழுந்து நிற்பவை சத்திரங்கள் அல்ல, ஆலைகள். குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், கைபேசி, மோட்டார் கார் என உலகச் சந்தைக்குரிய பண்டங்கள் அங்கே பிறக்கின்றன.

இந்த ஆலைகளை இயக்குவது மின்சாரம் மட்டுமன்று, செய்தியும்தான். கடைக்காரர் ஒருவர் கேட்ட பண்டம் கணிப்பொறியில் பதிவாகிறது. அப்பதிவு உற்பத்தித் திட்டமாகிறது. திட்டம், கதவு செய்யும் ஆலைக்கும், கம்பி செய்யும் ஆலைக்கும், அட்டைப்பெட்டி செய்யும் ஆலைக்கும் ஆணையாகப் பறக்கிறது. கார் ஆலைகளில் இது இன்னும் நுட்பமானது. எந்த நிறக் கார் எந்த வரிசையில் வருகிறதோ, அதே வரிசையில் அதற்குரிய இருக்கைகள் வெளியாலையிலிருந்து லாரியில் வந்து இறங்கவேண்டும். முன்னும் கூடாது, பின்னும் கூடாது. இதனை வழங்கல் சங்கிலி என்று அழைக்கின்றனர். சங்கிலி! பெயர் வைத்தவர்கள் உண்மையைத் தம்மையறியாமல் ஒப்புக்கொண்டுவிட்டனர் போலும்.

இதன் மூலவித்து ஜப்பானில் முளைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டொயோட்டா நிறுவனத்தில் தாயிச்சி ஓனோ என்பவர் ‘கான்பான்’ என்னும் அட்டை முறையைக் கொண்டுவந்தார். உறுப்பு தீர்ந்தால் அட்டை திரும்பிச் செல்லும். அட்டை கேட்ட அளவே உறுப்பு வரும். கிடங்கில் முடங்கும் பணம் மிச்சம். அன்று அட்டை செய்த வேலையை இன்று கணிப்பொறி கண்டம் கடந்து செய்கிறது. வீண் குறைவதை நாம் வெறுக்கவில்லை. இயந்திரத்தோடு நமக்குப் பகையில்லை. அதன் கடிவாளம் யார் கையில் என்பதே நம் வழக்கு.

கிடங்கு ஒழிந்தது என்று மார்தட்டுகிறார்களே, மெய்யா? கிடங்கு ஒழியவில்லை, தோழர்களே, இடம் மாறிற்று. பெரிய ஆலையின் கூரைக்குக் கீழிருந்த சரக்கு, சிறிய ஆலைக்காரரின் கொட்டகைக்கும், சாலையோரம் காத்து நிற்கும் லாரிக்கும் போயிற்று. சரக்குக்குப் போட்ட முதல் அவர் தலையில். தாமதத்திற்குத் தண்டம் அவர் தலையில். அவர் அதை யார் தலையில் இறக்குகிறார்? கூடுதல் நேரம் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் தலையில்! 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிகோலும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியதை மறந்திருக்கமாட்டீர்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். நெகிழ்வு வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நெகிழவேண்டியது யாருடைய முதுகு?

இனி 2021 டிசம்பருக்கு வாருங்கள். ஆப்பிள் கைபேசி செய்யும் பாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண்கள், வெளியார் நடத்திய விடுதியில் தங்கியிருந்தனர். அங்கு உண்ட உணவு நஞ்சாகி, இருநூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சேர்க்கப்பட்ட தோழியர் நிலை என்ன என்று தெளிவான விடை கிடைக்காமல் வதந்தி பரவிற்று. விளைவு? இருபது வயதுப் பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். ஆலை மூடிற்று, 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. விடுதிகளும் உணவறைகளும் தன் தரத்திற்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

எண்ணிப் பாருங்கள்! ஒரு சிறு திருகாணி எந்த நாட்டில் பிறந்து எந்தக் கப்பலில் வந்தது என்று கலிபோர்னியாவில் இருந்தபடியே சொல்லத் தெரிந்தவர்களுக்கு, அந்தத் திருகாணியை முடுக்கும் பெண் இரவு எங்கே படுத்தாள், எதை உண்டாள் என்பது அவள் சாலைக்கு வரும்வரை தெரியவில்லையாம்! தெரியாமையா அது? அன்று. கேட்கத் தேவையில்லாதபடி கட்டப்பட்ட கணக்கு. பொருளுக்குச் சங்கிலி ஒன்று. பொறுப்புக்கு வரும்போது மட்டும் அது துண்டு துண்டு!

“ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள்” என்பர். சட்டமே அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தக்காரர் கூலி தராவிடில் முதன்மை முதலாளி தரவேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்பு, நம் உரிமைகள் பலவற்றை நெரித்தாலும், இந்தக் கடமையை நீக்கவில்லை. ஆனால் கேட்பதற்குச் சங்கம் வேண்டுமே!

சங்கம் கேட்டவர்களின் கதையும் அதே ஊரில்தான் நடந்தது. 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலையின் தொழிலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினர். கூலியும் கேட்டனர், ஆனால் வழக்கின் உயிர், சி.ஐ.டி.யு. வழிகாட்டலில் அமைந்த தம் சங்கத்தை ஏற்கவேண்டும் என்பது. நிறுவனம் எழுப்பிய தடை என்ன தெரியுமா? சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் வரக்கூடாதாம்! அவர்கள் செய்யும் ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் அந்தப் பெயரை ஒட்டுவது அவர்களுடைய கை. அந்தக் கைகள் ஒன்று சேர்ந்தால் பெயர் தீட்டுப்பட்டுவிடுமோ? 37 நாள் போராட்டம். பந்தல் பிரிக்கப்பட்டது, கைதுகள் நடந்தன. அக்டோபர் 15 அன்று வேலைநிறுத்தம் முடிவுற்றது. உயர்நீதிமன்றத்தின் படியேறிய பின், 2025 ஜனவரியில் அதே பெயரோடு சங்கம் பதிவாயிற்று.

ஒன்றை நம் தோழர்கள் உணரவேண்டும். கிடங்கில்லாத சங்கிலி மிக வலிது போலத் தோன்றும். ஆனால் அது மிக மெலிது. 2023 ஆகஸ்டில் ஆணைகளைப் பதியும் கணிப்பொறிகளில் இடம் போதாமற்போனதால், ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் நின்றன. 1996இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் தடைக்கருவி செய்யும் ஏறத்தாழ 3,000 தொழிலாளர் வேலையை நிறுத்தியபோது, ஜெனரல் மோட்டார்ஸின் வட அமெரிக்க ஆலைகளில் மிகப் பல முடங்கின. கண்ணி ஒன்று, சங்கிலி முழுதும்!

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைத்தால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். 2006இல் திருப்பெரும்புதூரில் திறந்த நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. அதை நம்பியிருந்த துணை ஆலைகளும் தள்ளாடின. அதே வளாகத்திலிருந்த பாக்ஸ்கான் பிரிவு அவ்வாண்டு டிசம்பரில் நின்றது. தலைமை ஆலைக்கு ஒரு சங்கம், துணை ஆலைக்கு வேறொன்று, ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஏதுமில்லை என்றிருந்தால், ஆணையை ஓர் ஊரிலிருந்து வேறோர் ஊருக்குத் திருப்ப அவர்களுக்குத் திரையில் ஒரு விரல் போதும்.

ஆகவே சுங்குவார்சத்திரம், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைத் தோழர்கள் அடுத்த கிளைக் கூட்டத்திற்கு வெற்றுத் தாளொன்றைக் கொண்டு வாருங்கள். உங்கள் ஆலைக்கு லாரி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, உங்களுக்குப் பக்கத்தில் நிற்பவரின் அடையாள அட்டையில் யாருடைய பெயர் அச்சிட்டிருக்கிறது, அவர் எந்த விடுதியில் தங்குகிறார் என்று எழுதுங்கள். எழுதியதை அந்த விடுதிக்கே எடுத்துச் சென்று, சமையற்கட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்.