தொடக்க ஊதியமும் பேசப்படாத பேரமும்

சுண்ணாம்புக்கல் வளத்தால் சிமெண்ட் ஆலைகள் செறிந்த அரியலூரிலும், டயர் ஆலையும் எறையூர் சிப்காட்டின் காலணித் தொழிற்சாலையும் அமைந்த பெரம்பலூரிலும், வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய ஆலை வேலை பெரிதும் விரும்பப்படுவதால், தொடக்க ஊதியம் குறைவாயினும் இளைஞர் பலர் வாய் திறவாமல் ஒப்புக்கொள்கின்றனர். அவ்வேலைக்கான வாயில்களுள் ஒன்றான தொழிற்பழகுநர் பயிற்சி, அதாவது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி உதவித்தொகை பெற்றுக்கொண்டு பணியிடத்திலேயே தொழில் கற்கும் முறை, பழகுநரைத் தொழிலாளராகக் கருதுவதில்லை. 2019ஆம் ஆண்டின் விதித்திருத்தம் பட்டயதாரிக்கு 8,000 ரூபாய், பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என வகுத்தது குறைந்தபட்சத்தையே. அதற்கு மேல் தருவதற்குத் தடையேதும் இல்லை என்பதைக் கூடுதல் தொகை கேட்பவரும் அரிதாகவே நினைவில் கொள்கின்றனர். ‘உள்ளே நுழைந்துவிட்டால் சம்பளம் தானே ஏறும்’ என்னும் உறவினர் அறிவுரை பாதி உண்மையே. ஆண்டு உயர்வு சதவீதத்தில் கணக்கிடப்படுமிடத்து முதல் ஊதியமே பின்வரும் உயர்வுகளுக்கெல்லாம் அடிப்படையாவதால், 15,000 ரூபாயில் தொடங்கியவருக்கும் 18,000 ரூபாயில் தொடங்கியவருக்கும் ஆண்டுக்கு 8 சதவீதம் கூடினால், அவர்களிடையே உள்ள 3,000 ரூபாய் வேறுபாடு ஐந்தாண்டில் ஏறத்தாழ 4,400 ஆக விரியும். தொகையை உயர்த்த நிறுவனம் மறுப்பின், பணி நிரந்தரமாகும் நாளையும், வருங்கால வைப்பு நிதிக்கு அடிப்படையாகும் ஊதியக் கூறு எவ்வளவு என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது மரியாதைக் குறைவாகாது. ஒப்பந்ததாரர் வழியே சேர்பவருக்கோ, எதிரே இருந்து பேச வேண்டியவர் ஆலை நிர்வாகமா ஒப்பந்ததாரரா என்பதே பெரும்பாலும் தெளிவாவதில்லை.