‘எக்ஸ்பார்ட்டி’ என்றால் என்ன?

“தோழர், என்னைப் பார்ட்டியிலிருந்து நீக்கிவிட்டீர்களா?” என்று கேட்டபடி ஆபீசுக்குள் நுழைந்தார் ஒரு விவசாயத் தொழிலாளி. கையில் கோர்ட்டுக் காகிதம். அதில் ‘எக்ஸ்பார்ட்டி’ என்று இருப்பதாக யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். சிரித்துவிட்டோம். காகிதத்தைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் குடியிருக்கும் மனையைக் காலி செய்யும்படி டிக்ரி!

‘எக்ஸ் பார்ட்டே’ என்பது லத்தீன் பாஷை. ‘ஒரு தரப்பிலிருந்து’ என்று அர்த்தம். அதாவது, ஒருவர் பேச்சை மட்டும் கேட்டு உத்தரவு போடுவது. அதே பாஷையில் ‘ஆடி ஆல்டெரம் பார்ட்டெம்’ என்றும் ஒரு வாக்கியம் உண்டு. ‘மறுதரப்பையும் கேள்’ என்று பொருள். சட்டப் புத்தகத்தில் இரண்டாவதுதான் பொது விதி, முதலாவது விலக்கு. உழைப்பாளி விஷயத்திலோ விலக்கே விதியாகிவிடுகிறது.

எப்படி? வாய்தாவுக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் சார்ஜ் வேறு. அமீனா சம்மனோடு வரும் நேரத்தில் நாம் வயலில் நிற்கிறோம். அவர் கதவில் ஒட்டிவிட்டுப் போகிறார். காற்று அதைக் கொண்டுபோய்விடுகிறது. பிரதிவாதி வரவில்லை என்று வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகிறது.

மில் தொழிலாளிக்கு வருவது வேறு ரகம். சங்கம் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்த மறுநாளே நிர்வாகம் கோர்ட்டுக்கு ஓடுகிறது. “கேட்டை மறிப்பார்கள், சொத்துக்குச் சேதம்” என்று மனு. கேட்டிலிருந்து இத்தனை மீட்டருக்குள் கூடக்கூடாது என்று தடையுத்தரவு. சங்கத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை! நீதி தேவதைக்குக் கண்ணைத்தான் கட்டினார்கள் என்று நினைத்தோம்; ஒரு காதையும் பொத்தியிருக்கிறார்கள்.

ஆனால் 1908ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே நமக்குப் பிடிமானம் இருக்கிறது. நோட்டீஸ் இல்லாமல் தடையுத்தரவு போட்டால் நீதிபதி காரணத்தை எழுதவேண்டும். மனுவின் நகல் நமக்கு உடனே வரவேண்டும். 30 நாளில் மனுவை முடிக்கக் கோர்ட் முயலவேண்டும். 1976ல் செய்த திருத்தத்தில் ‘கேவியட்’ வந்தது. இதுவும் லத்தீன்தான்: ‘உஷாராக இருக்கட்டும்’ என்று பொருள். முன்கூட்டியே இந்த மனுவைப் போட்டுவைத்தால், 90 நாள் வரை, எதிர்த்தரப்பு தடை கேட்டு வரும்போது நமக்கு நோட்டீஸ் கொடுத்தாகவேண்டும். வேலைநிறுத்த நோட்டீசோடு கேவியட்டையும் போடாத சங்கங்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. முதலாளி ஓடுவான் என்று தெரிந்துகொண்டே தூங்குகிறோம்!

எக்ஸ்பார்ட்டி ஆனதாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தால் அந்தக் கட்டத்திலிருந்து உள்ளே போய் வாதாடலாம். 1955லேயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிவிட்டது. டிக்ரியே ஆகியிருந்தால், அதை ரத்து செய்யக் கோரி 30 நாளுக்குள் மனுப் போடவேண்டும். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால், டிக்ரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள்.

நம் தோழருக்குத் தெரிந்தது அந்தக் காகிதம் வந்த அன்றுதான். மறுநாளே வக்கீலைப் பிடித்து மனுப் போட்டோம. வாய்தா அன்று சங்கத்திலிருந்து இரண்டு பேர் அவரோடு போகிறார்கள். அவருடைய அன்றைய கூலியைச் சங்கம் கொடுக்கும்.