இன்குலாப் ஜிந்தாபாத்: ஈன்றவரும் வளர்த்தவரும்

ஆலை வாயிலில் நடைபெறும் தொழிலாளர் கூட்டமாயினும், மாணவர் ஊர்வலமாயினும், மே தினத்துச் செங்கொடி அணிவகுப்பாயினும், நம் நாட்டில் தவறாமல் ஒலிக்கும் கோஷம் ஒன்று உண்டு. முன்னே நிற்பவர் முஷ்டியை உயர்த்தி 'இன்குலாப்' என்று நீட்டி முழங்க, பின்னே திரண்டு நிற்கும் கூட்டம் 'ஜிந்தாபாத்' என்று ஒரே மூச்சில் முடித்து வைக்கும். உருது மொழியில் ஓர் எழுத்தும் அறியாத தஞ்சை வட்டாரத்து விவசாயக் கூலியும், கோவைப் பஞ்சாலைத் தொழிலாளியும் தம் பாட்டனார் காலம் முதல் இதைக் கேட்டுப் பழகியவர்கள். 'புரட்சி ஓங்குக' என்பதே இதன் கருத்து என்று அவர்களுக்கு எவரும் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இக்கோஷத்தை முதன்முதல் எழுப்பியவர் யார் என்று வினவினால், பெரும்பாலோர் சற்றும் தயங்காமல் பகத்சிங்கின் பெயரைத்தான் கூறுவர். அந்த விடை திருத்தப்பட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். பகத்சிங்கின் கீர்த்தியில் அணுவளவும் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவரே தம் கைப்பட மறுத்த ஒரு பெருமையை அவர் தலையில் ஏற்றிவிட்டு, அதற்கு உரியவரை நாம் அடியோடு மறந்துவிட்டோம் என்பதனால் சொல்கிறேன்.

உரியவர் மௌலானா ஹஸ்ரத் மொஹானி. ஐக்கிய மாகாணத்து உன்னாவ் ஜில்லாவில் மொஹான் என்னும் சிற்றூரில் பிறந்து, சையது பஸ்லுல் ஹஸன் என்னும் இயற்பெயரை விடுத்து, ஊரின் பெயரையும் கவிதைக்காகச் சூடிக்கொண்ட புனைபெயரையும் இணைத்து உலகுக்கு அறிமுகமானவர் அவர். அலிகாரில் பட்டம் பெற்றவுடன், அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்லாமல், 1903-ஆம் ஆண்டில் 'உருதூ-ஏ-முஅல்லா' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். அரசியலில் அவர் குருவாக வரித்துக்கொண்டவர் பால கங்காதர திலகர். சூரத் காங்கிரஸ் பிளவுபட்டபோது திலகரின் பக்கமே நின்றார். 1908-ஆம் ஆண்டில், எகிப்து தேசத்தில் ஆங்கிலேயர் கையாண்ட கல்விக் கொள்கையைக் கண்டித்து எழுதப்பட்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டதற்காக ராஜத்துவேஷக் குற்றம் சாட்டப்பட்டார். கட்டுரையை எழுதியவர் வேறொருவர். அவர் பெயரை வெளியிட மறுத்து, தண்டனையைத் தாமே ஏற்றுக்கொண்டு சிறை புகுந்தார்.

அந்த ஆண்டை ஒரு தமிழன் எளிதில் மறக்க இயலாது. அதே திலகரைத் தலைவராகக் கொண்டு, சூரத்துக்கும் சென்று திரும்பிய நம் வ. உ. சிதம்பரம் பிள்ளை அதே 1908-இல்தான் ராஜத்துவேஷக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பெற்று, கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை இழுத்தார். இங்கே கப்பலோட்டியவர் செக்கிழுக்க, அங்கே கவிஞர் ஒருவர் சிறைக் கொட்டடியில் கல் இயந்திரத்தின் முன் அமர்ந்து, நாள்தோறும் அளந்து கொட்டப்பட்ட கோதுமையை மாவாக அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அரைக்கும் கை ஓயாதிருக்க, உள்ளே கவிதையும் ஓயாதிருந்தது. அவ்வனுபவத்தைத் தம் கஜலிலேயே அவர் பதித்து வைத்திருக்கிறார். விடுதலையான பின் சுதேசித் துணிக்கடை நடத்தி ஜீவனம் செய்ததிலும் இருவர் காலத்துத் தேசபக்தியின் சாயலையே காண்கிறோம்.

இத்தகைய மனிதர் 1921-ஆம் ஆண்டில் இந்தக் கோஷத்தை வடித்துக் கொடுத்தார். ருஷ்ய தேசத்துப் புரட்சி நடந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த காலம்; கிலாபத் கிளர்ச்சியும் ஒத்துழையாமை இயக்கமும் ஒருங்கே பொங்கியெழுந்து நின்ற காலம். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் ஹக்கீம் அஜ்மல் கான் தலைமையில் ஆமதாபாத்தில் கூடிய காங்கிரஸ் மகாசபையில், சுயராஜ்யம் என்றால் அந்நியக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத பூரண சுதந்திரமே என்று வரையறுக்க வேண்டுமென மொஹானி ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். காந்தியடிகளே எழுந்து எதிர்த்தார், தீர்மானம் தோற்றது. எட்டு ஆண்டுகள் கழித்து, லாகூர் மகாசபையில் பூரண சுயராஜ்யத்தைக் காங்கிரஸ் தன் லட்சியமாகப் பிரகடனம் செய்தபோது, ஆமதாபாத்தில் தனித்து நின்றவரை நினைவுகூர்ந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர்!

நமக்கும் அவருக்கும் உள்ள உறவு இத்துடன் முடியவில்லை. 1925-ஆம் ஆண்டு டிசம்பரில் கான்பூர் நகரில் இந்தியக் கம்யூனிஸ்டுகளின் முதல் மாநாடு கூடியபோது, அதன் வரவேற்புக் குழுத் தலைவராக இருந்தவர் மொஹானி. மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் சென்னைக் கடற்கரையில் 1923-ஆம் ஆண்டிலேயே மே தினக் கொடியேற்றிய ம. சிங்காரவேலர். கடற்கரைக் குப்பத்து மீனவர் குலத்தில் தோன்றி, பௌத்தத்திலும் விஞ்ஞானத்திலும் தோய்ந்த அம்முதியவரும், ஐவேளைத் தொழுகை தவறாத அந்த மௌலானாவும் ஒரே மேடையில் அமர்ந்திருந்த அக்காட்சியை மனக்கண்ணால் காண்போருக்கு, இக்கோஷத்தின் பிறப்பில் எத்தனை விதமான உள்ளங்கள் கூடியிருந்தன என்பது விளங்கும். மௌலானா ஹஜ் யாத்திரை சென்றவர். கிருஷ்ண ஜயந்தியை ஒட்டி மதுரா சென்று வணங்கியவரும் அவரே. கண்ணனைப் பற்றி உருதுவில் உருகிப் பாடியவர். அக்கண்ணனைத் தேவகி பெற்று யசோதை வளர்த்தாற் போலவே, அவர் பெற்ற கோஷத்தை எடுத்து வளர்த்தவர்கள் பஞ்சாப் மண்ணின் இளைஞர்கள்.

அவ்வளர்ப்பில் ஒரு விசேஷம் உண்டு. அந்நாளில் பஞ்சாப்பில் அரசியல் கூட்டம் என்றால், சீக்கியர் 'சத் ஸ்ரீ அகால்' என்றும், முஸ்லிம்கள் 'அல்லாஹு அக்பர்' என்றும், இந்துக்கள் 'வந்தே மாதரம்' என்றும் முழங்குவது வழக்கம். மூன்று கோஷங்களும் ஒரே பந்தலில் ஒலித்தால் ஒற்றுமை பெருகும் என்று தலைவர்கள் எண்ணினர். 1926-ஆம் ஆண்டில் தோன்றிய நவஜவான் பாரத சபையைச் சேர்ந்த பகத்சிங்கும் தோழர்களும் அவ்வாறு எண்ணவில்லை; ஒவ்வொரு கோஷத்தின்போதும் கூட்டத்தில் ஒரு பகுதி மட்டுமே வாய் திறக்கிறது, மற்றவை மௌனமாகின்றன என்பதை அவர்கள் கண்டிருந்தனர். ஆகவே அம்மூன்றையும் விடுத்து, 'இன்குலாப் ஜிந்தாபாத்', 'ஹிந்துஸ்தான் ஜிந்தாபாத்' என்னும் இரண்டை மட்டும் எழுப்பினர். மதபக்தி மிகுந்த ஒரு மௌலானா வடித்த சொற்கள், எந்த மதத்தையும் சாராத பொதுக் குரலாக மாறிய அந்த நிகழ்ச்சியே இக்கோஷத்தின் சரித்திரத்தில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த பகுதியாகும்.

1929-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி டில்லி மத்திய சட்டசபையில் நடந்ததைத் தேசம் முழுவதும் அறியும். வேலைநிறுத்த உரிமையைக் குறுக்கும் தொழில் தகராறு மசோதா நிறைவேறி, பொதுப் பாதுகாப்பு மசோதாவைப் பற்றித் தம் முடிவை உரைக்கச் சபைத் தலைவர் விட்டல்பாய் பட்டேல் எழுந்த வேளையில், பார்வையாளர் மாடத்திலிருந்து பகத்சிங்கும் வடுகேசுவர தத்தரும் ஆள் இல்லாத இடம் பார்த்துக் குண்டுகளை வீசினர். புகை கவிந்தது, துண்டுப் பிரசுரங்கள் பறந்தன, அவற்றினூடே இந்த முழக்கம் எழுந்தது. தப்பியோட இடமிருந்தும் இருவரும் நின்ற இடத்திலேயே நின்று கைதாயினர். அன்று முதல், நீதிமன்றத்துக்கு வரும்போதெல்லாம் அவர்கள் எழுப்பிய இம்முழக்கம் பத்திரிகைகளின் வழியே நாடெங்கும் பரவியது. தொழிலாளரைக் கட்டும் சட்டத்துக்கு எதிராக எழுந்த குரல் தொழிலாளர் இயக்கத்தின் நிரந்தரக் குரலாக நிலைத்ததில் வியப்பில்லை.

இக்கோஷத்துக்கு வந்த எதிர்ப்பு போலீசாரிடமிருந்து மட்டும் வரவில்லை. கல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'மாடர்ன் ரிவியூ' பத்திரிகையின் ஆசிரியர் ராமானந்த சட்டர்ஜி, அறுபது வயதைக் கடந்தவர், தேசத்தின் அறிவுலகம் முழுவதும் மதித்துப் போற்றிய பெரியவர். புரட்சி நீடூழி வாழ்க என்பதற்குப் பொருள் என்ன, ஒரு புரட்சி முடிந்த பின்னும் கலகமும் குழப்பமும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்க வேண்டுமா என்று அவர் தம் பத்திரிகையில் கேட்டார். அது நியாயமான கேள்வி. ஒரு சொல்லை உச்சரிப்பவன் அதன் பொருளுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று நினைப்பவர் கேட்கக்கூடிய கேள்வி. சிறையிலிருந்த பகத்சிங்கும் தத்தரும் அதற்கு எழுதிய பதில் 1929-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி 'டிரிப்யூன்' பத்திரிகையில் வெளிவந்தது. இருபத்திரண்டு வயதே நிரம்பிய இளைஞர், தூக்குமேடை நிழலாடிக்கொண்டிருந்த நிலையில், முதிய பத்திரிகாசிரியருக்குச் செலுத்த வேண்டிய மரியாதையை முதலிற் செலுத்திவிட்டே வாதத்தைத் தொடங்குகிறார். இக்கோஷத்தைத் தோற்றுவித்தவர்கள் நாங்கள் அல்லர் என்று அக்கடிதம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. ருஷ்யப் புரட்சி இயக்கங்களில் இதே முழக்கம் வழங்கியதையும், அமெரிக்க நாவலாசிரியர் அப்டன் சின்க்ளேரின் பாத்திரங்கள் இதை முழங்குவதையும் எடுத்துக்காட்டி, உலகப் பொதுவான ஒரு குரலைத்தான் தாங்கள் ஏற்றிருப்பதாக அது தெளிவுபடுத்துகிறது. தன் பெயருக்குத் தானே வந்து ஒட்டிக்கொள்ளும் புகழை இவ்வளவு எளிதாக உதறிய நேர்மையை எண்ணும்போது நெஞ்சம் விம்முகிறது.

கேள்வியின் மையத்துக்கு அவர்கள் அளித்த விடையும் அருமையானது. லாகூர்ச் சிறையில் 63 நாள் உண்ணாவிரதமிருந்து உயிர் துறந்த ஜதீந்திர தாஸின் பெயரால் 'ஜதீன் தாஸ் வாழ்க' என்று ஜனங்கள் முழங்கினார்களே, மாண்டவர் உடலோடு வாழ வேண்டும் என்றா அவர்கள் கருதினார்கள்? அந்தத் தியாகத்தின் உறுதி தங்களுக்கும் வாய்க்க வேண்டும் என்பதே அவர்கள் கருத்து. அவ்வாறே புரட்சி என்பதும் வெடிகுண்டையும் துப்பாக்கியையும் மட்டும் குறிப்பதன்று. நிலைபெற்றுவிட்ட அநீதிக்கே மனிதர் பழகிப்போய், மாறுதல் என்றாலே நடுங்கும் மந்த நிலையில் ஆழ்ந்துவிடாதபடி, நன்மையை நோக்கிய மாறுதலுக்கான வேட்கை மனித குலத்தின் உள்ளத்தில் எந்நாளும் நிறைந்திருக்க வேண்டும் என்பதே தங்கள் கோஷத்தின் தாற்பரியம் என்று அவர்கள் எழுதினார்கள். ஆசிரியர் கேட்டதும் இளைஞர் விடையிறுத்ததும் பத்திரிகைப் பக்கங்களில், பொதுமக்கள் கண்முன்னே நடந்தன. ஒரு கோஷத்தின் பொருளைப் பற்றி இவ்வளவு கண்ணியத்தோடு நிகழ்ந்த விவாதம் நம் அரசியலில் பிறிதொன்று உண்டா என்பது எனக்கு ஐயமே.

1931-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி பகத்சிங்கும் ராஜகுருவும் சுகதேவும் தூக்கிலிடப்பட்ட ஆறாம் நாள், 'குடி அரசு' இதழில் பெரியார் தலையங்கம் தீட்டினார். பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தமிழாக்கி அதற்காகச் சிறைவாசத்தையும் அனுபவித்தார் ஜீவா. பிற்காலத்தில் கீழக்கரையில் பிறந்த ஒரு தமிழ்க் கவிஞர், 'இன்குலாப்' என்பதையே தம் பெயராகச் சூடிக்கொண்டார். இவ்வாறு தமிழில் வேர்விட்ட ஒன்றை இனியும் வடநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவோரும் நம்மிடையே சிலர் உளர். மற்றொரு புறம், ஒரு கட்சிக்கே பட்டா எழுதிக் கொடுத்த சொத்துப்போல் இதைக் கருதுவோரும், அதனாலேயே வெறுப்போரும் உளர். செக்கிழுத்தவர் சிறைப்பட்ட ஆண்டிலேயே தாமும் சிறை புகுந்து, சிங்காரவேலரோடு மேடையில் வீற்றிருந்து, காங்கிரஸிலும் முஸ்லிம் லீகிலும் கம்யூனிஸ்ட் மாநாட்டிலும் கால் பதித்த ஒருவரின் கொடை இது என்று தெரிந்தால், இவ்விரு சாராரும் தம் வாதத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும்.

மொஹானியின் பிற்கால வாழ்வும் இக்கோஷத்துக்கு ஏற்றதாகவே இருந்தது. அரசியல் நிர்ணய சபையின் அங்கத்தினராக அவர் வீற்றிருந்த ஆண்டுகளில், வரைவுச் சட்டத்தை விடாப்பிடியாக எதிர்த்துப் பேசினார். பெரும்பான்மையோர் கேலி செய்தபோதும் பின்வாங்கவில்லை. தேசப் பிரிவினைக்குப் பின்னும் இந்தியாவிலேயே தங்கி, 1951-ஆம் ஆண்டு மே 13-ஆம் தேதி லக்னோவில் காலமானார். குலாம் அலியின் குரலில் 'சுப்கே சுப்கே' என்னும் கஜலைக் கேட்டு மயங்கும் தமிழ் ரசிகர் பலருக்கும், அதை இயற்றியவரும் தொழிற்சங்க வாயிலில் தாம் கேட்கும் கோஷத்தை வடித்தவரும் ஒருவரே என்பது தெரியாது.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. பகத்சிங்கைப் பற்றி நம் பள்ளிகளில் கற்பிக்கும் பாடத்தோடு ஹஸ்ரத் மொஹானியைப் பற்றியும் ஒரு பத்தி சேர்க்க வேண்டும், வ. உ. சி.யின் சிறைவாசத்தைச் சொல்லுமிடத்தில் அதே ஆண்டில் கோதுமை அரைத்த உருதுக் கவிஞரையும் சொல்ல வேண்டும். ராமானந்த சட்டர்ஜிக்கு எழுதப்பட்ட அந்தப் பதிலைச் செம்மையாகத் தமிழில் பெயர்த்து, மேல்நிலை வகுப்பு மாணவர் வாசிக்கும் உரைநடைப் பகுதியில் வைக்க வேண்டும். தொழிற்சங்கத் தலைவர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு: ஆண்டுதோறும் மே முதல் தேதி கொடியேற்றிப் பேசும்போது, சிங்காரவேலரின் பெயரோடு மௌலானாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.