கலைப்பீடத்துக்கு 22 எதுக்கு?

என்ர சிநேகிதி இறுதியாண்டு ஆய்வுக்காக வயசான மீனவப் பெண்களோட கதைச்சுப் பதிவுசெய்தவள். எல்லாம் சேர்த்து 14 மணித்தியால ஒலிப்பதிவு. அதை மேற்பார்வையாளர் சொன்ன சேர்வருக்கு எஸ்எஃப்டிபி மூலம் ஏத்தவேணும். அதுக்குப் போர்ட் 22 தேவை. நூலக வைஃபையில போகேல்லை. கணினிப் பிரிவில போய்க் கேட்டதுக்கு வந்த பதில்: "ஆர்ட்ஸ் பிள்ளையளுக்கு ஏன் அது?"

பக்கத்துப் பீடத்து லாப்பில அதே 22 திறந்திருக்கு. ஒரே கம்பஸ், விதி மட்டும் வேற. கடைசியில அவள் தன்ர சொந்த டேட்டாவில ரெண்டு இரவு முழிச்சிருந்து ஏத்தி முடிச்சாள்.

விளங்காதவைக்கு: போர்ட் எண்டது ஒரு கணினியின்ர கதவிலக்கம் மாதிரி, 65535 வரைக்கும் இருக்கு. இணையத்தளங்கள் 80, 443இல வரும். மெயில் செயலி 993இல கடிதம் எடுக்கும். தீச்சுவர் விதிகளை மேலிருந்து கீழாக வாசிக்கும், முதல்ல பொருந்துற வரிதான் செல்லும். "நூலக வைஃபைக்கு 80, 443 அனுமதி, மிச்சமெல்லாம் மறுப்பு" எண்டு எழுத ரெண்டு நிமிசம் காணும். அந்த ரெண்டு நிமிசத்தில ஆருக்கு என்ன படிப்பு எண்டதும் தீர்மானமாயிடுது.

பெடியள் படம் பாத்து லைனை நிரப்பினம் எண்டு காரணம் சொல்லினம். யூடியூப், டிக்டொக், பேஸ்புக் எல்லாம் 443இலதானே போகுது! படம் பாக்கிறவன் வசதியாப் பாத்துக்கொண்டிருக்கிறான். மறிபட்டது நேர்காணல்.

பாதுகாப்பு வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. வெளியிலயிருந்து உள்ளுக்கு வாற இணைப்புகளைப் பூட்டுங்கோ. வைரஸ் பிடிச்ச மடிக்கணினி குப்பை மெயில் அனுப்பாமல் இருக்க 25ஐ மறிக்கிறதும் நியாயம். 22இக்குள்ளால வேற போக்குவரத்தையும் ஒளிச்சுக் கொண்டுபோகலாம், அதுவும் உண்மை. அப்ப அந்த ஆபத்து லாப்பில இல்லையோ? பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துற எடுரோமின்ர ஐரோப்பியக் கொள்கை ஆவணத்தில, வந்துபோற விருந்தாளிக்குக்கூடத் திறந்திருக்க வேண்டிய போர்ட்டுகளில 22உம் ஒண்டு. நாங்கள் எங்கட கம்பஸில விருந்தாளியிலயும் கீழ.

கேக்கிறது பெரிசா ஒண்டுமில்லை. எந்த வலையமைப்பில எந்தப் போர்ட் பூட்டு, ஏன் எண்டு ஒரு பக்கத்தில எழுதி ஒட்டுங்கோ. ஆய்வுக்குத் தேவையெண்டால், மேற்பார்வையாளரின்ர கையெழுத்தோட, அந்த மாணவரின்ர கணக்குக்கு, அந்த ஒரு சேர்வருக்கு மட்டும், மூண்டு மாசத்துக்குத் திறக்க ஒரு படிவம் வையுங்கோ. பயனர் பெயர் குடுத்துத்தானே வைஃபைக்குள்ள வாறம், ஆர் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.

வாயால கேட்டு மூண்டு மாசமாச்சு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அரச பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். குடுக்கிறதா இல்லையா எண்டு 14 வேலை நாளுக்குள்ள தீர்மானிக்கவேணும். திங்கட்கிழமை என்ர பேரில விண்ணப்பம் போகுது. மற்றக் கம்பஸ்களில இருக்கிறவையும் உங்கட நூலகத்தில என்ன பூட்டிக் கிடக்கு எண்டு ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ.