முழுக்கும் விருந்தும்: வேலூர், ஆம்பூர்த் திருச்சபைச் சொல்வழக்கு

‘ஞானஸ்நானம்’ ‘திருமுழுக்கு’ ஆனதையும் ‘இராப்போஜனம்’ ‘திருவிருந்து’ ஆனதையும் தனித்தமிழ் நோக்கின் விளைவென்று கூறி ஆய்வாளர் அமைதி கொள்கின்றனர். அவ்விளக்கம் போதாது என்பதே என் கருத்து. இவ்விரு சடங்குகளும் நீரையும் உணவையும் சார்ந்தவை. சாதி தீட்டு வகுத்ததும் இவ்விரண்டின்மீதுதான். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டை விலக்குமாறு பணித்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர் பலர் எதிர்த்து நின்றனர். அவர்கள் முழுக்குப் பெற்றவர்களே. பந்தியில்தான் இடர் எழுந்தது.

1853இல் அமைந்த ஆர்க்காடு மிஷனிலும், பின்னர் ஆம்பூரில் வேரூன்றிய லுத்தரன் சபையிலும் சேர்ந்தோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்டோர். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை நாள்தோறும் நீரில் அலசும் தொழில் நிகழும் நிலம் இது. தோலைத் தொட்டவன் ஊர்க்கிணற்றைத் தொடலாகாது என்றிருந்த சமூகத்தில், ஒருவர் தலையில் பிறர் நீர் வார்ப்பதை வெறும் ‘ஸ்நானம்’ என்று பொருள்கொள்ள இயலுமா?

‘நற்கருணை’ அருளைச் சுட்டுகிறது; ‘இராப்போஜனம்’ பொழுதையும் உணவையும் சுட்டுகிறது. ‘விருந்து’ என்பதன் பழம்பொருளோ புதுமை, புதிதாய் வந்தவர். ஆகவே ‘திருவிருந்து’ என்னும் சொல், பந்தியில் அமர்பவர் யார் என்ற வினாவையும் உடன் கொணர்கிறது. (‘போஜனம்’ இழிந்த சொல்லன்று, ‘சமபந்தி போஜனம்’ நாமறிந்ததே.) ஆயினும் பேச்சுவழக்கில் மக்கள் ஞானஸ்நானம் ‘எடுக்கிறார்கள்’, நன்மை ‘வாங்குகிறார்கள்’. பெயர்ச்சொற்களை ஆராய்ந்த அளவுக்கு இவ்வினைச்சொற்களை நாம் ஆராயவில்லை. பேரணாம்பட்டு, வாணியம்பாடித் தெருக்களில் இக்களப்பணியைத் தொடங்கலாம்.