கடிப்பது பாம்பு, கொல்வது தாமதம்!



ராத்திரி மடை திருப்பப் போவது யார்? களத்துமேட்டில் காவலுக்குப் படுப்பது யார்? வெறுங்காலோடு நாற்றுப் பறிப்பது யார்? நாம்தான். மும்முனைக் கரண்ட் நடுச்சாமத்தில் வரும் ஊரில், இருட்டில் மோட்டார் போடப் போவதும் நாம்தான். அதனால் பாம்பு கடிப்பதும் நம்மைத்தான்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. வருசத்துக்குச் சராசரியாக 58,000 உயிர்! பெரும்பாலும் கிராமத்துச் சனம். இத்தனை பேர் ரயில் விபத்தில் செத்திருந்தால் நாடு சும்மா இருந்திருக்குமா? வரப்பிலும் குடிசையிலும் ஒவ்வொருத்தராகச் செத்ததால் "விதி" என்று சொல்லி மூடிவிட்டார்கள்.

இது விதி இல்லை. மருந்து இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே விஷமுறிவு ஊசிதான். ஆகவே எந்தப் பாம்பு என்று தடி எடுத்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நேரத்துக்கு ஊசி ஏறினால் பிழைக்கலாம். அதற்கு முதலில் ஆபத்தின் அறிகுறி நமக்குத் தெரிய வேண்டும்.

கண் இமை தானாகச் சரிகிறதா? பேச்சு குழறுகிறதா? எச்சில் விழுங்க முடியவில்லையா? பார்ப்பது இரண்டு இரண்டாகத் தெரிகிறதா? கழுத்து நிற்காமல் சாய்கிறதா? விஷம் நரம்பில் ஏறிவிட்டது. அடுத்து மூச்சு நிற்கும். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் இப்படித்தான் கொல்லும்.

கடிவாய் வீங்கிக்கொண்டே போகிறதா? ரத்தம் நிற்காமல் கசிகிறதா? பல் ஈறில் ரத்தமா? சிறுநீர் சிவப்பாகப் போகிறதா, அல்லது குறைந்துவிட்டதா? இது விரியனின் வேலை. ரத்தம் உறையும் சக்தி போய்விட்டது. கண்ணாடி விரியன் என்றால் கிட்னியும் கெடும்.

கட்டுவிரியன் விசயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். தரையில் படுத்துத் தூங்குகிறவரை ராத்திரியில் கடிக்கும். பல் பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது. வலி இருக்காது, வீக்கம் இருக்காது. விடியக்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்திருப்பார். வாயுக்கோளாறு என்று சோடா கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள்! தரையில் படுத்தவருக்கு வயிற்றுவலியோடு இமையும் சரிந்தால் பாம்புக்கடி என்றே நினைத்து ஓடுங்கள்.

அறிகுறி தெரியும்வரை காத்திருக்கவும் கூடாது. கடித்தது தெரிந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கயிறு போட்டு இறுக்காதீர்கள், கத்தியால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். வீங்கும் முன்னே மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுவதுபோல் குச்சி வைத்து அசையாமல் கட்டுங்கள். வண்டி வரத் தாமதமானால் பைக்கில் நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். மந்திரம், வேர், பச்சிலை என்று போகும் ஒவ்வொரு மணி நேரமும் விஷத்துக்குக் கொடுக்கும் வாய்தா. ஒன்றும் தெரியாவிட்டாலும் 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும்.

சரி, நாம் ஓடிப் போகிறோம். அங்கே என்ன கிடைக்கிறது? "டாக்டர் இல்லை", "ஊசி இல்லை", "பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று ஒரு சீட்டு! அந்தச் சீட்டு ஊசியாகுமா?

நாம் கேட்கிறோம். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் உயிரைப் பணயம் வைத்துப் பாம்பு பிடித்து விஷம் எடுத்துத் தருகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும்பங்கு அந்த விஷத்தில்தான் தயாராகிறது. ஏழை பிடித்துத் தந்த விஷத்தில் வந்த மருந்து, ஏழை விவசாயி போகும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லை என்றால் அது யார் குற்றம்?

2030-க்குள் சாவைப் பாதியாகக் குறைப்போம் என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் திட்டம் அறிவித்தது. பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கித் தமிழக அரசு 2024 நவம்பரில் உத்தரவு போட்டது. வரவேற்கிறோம். ஆனால் காகிதம் விஷத்தை முறிக்காது!

எமது கோரிக்கைகள்:

1. எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரவு பகல் விஷமுறிவு ஊசியும், அதைப் போட டாக்டரும் நர்ஸும் இருக்க வேண்டும்.

2. விஷம் ஏறியது தெரிந்தால் முதல் டோஸ் போட்ட பிறகே மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

3. ரத்தம் உறைகிறதா என்று பார்க்கச் சுத்தமான கண்ணாடிக் குழாயும் 20 நிமிசமும் போதும். அந்தச் சோதனையை எங்கும் தட்டாமல் செய்ய வேண்டும்.

4. இருப்பில் எத்தனை குப்பி என்று தினமும் பலகையில் எழுத வேண்டும்.

5. மும்முனை மின்சாரத்தைப் பகலில் கொடுக்க வேண்டும்.

6. செத்தவர் குடும்பத்தை அலைக்கழிக்காமல் நிவாரணம் தர வேண்டும்.

விவசாயிகளே! இந்த வாரமே பத்துப் பேராக உங்கள் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். "ஊசி எத்தனை இருக்கு? ராத்திரி யார் இருப்பாங்க?" என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். அடுத்த கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். ஆட்சியரின் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவோடு எழுந்து நில்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் வீதியில் இறங்குவோம்!

கையில் டார்ச் எடுப்போம்! காலில் செருப்பு போடுவோம்!
ஊசி இல்லாத ஆஸ்பத்திரியைக் கேள்வி கேட்போம்!
விதி என்று சாக மாட்டோம்! ஒன்றுபடுவோம்! போராடுவோம்!